90 சதவீதத்தில் திரும்பி வந்த தலைவலி: மூளை அதிர்ச்சிக்குப் பிறகு உடற்பயிற்சி, ஒரு நிகழ்வு ஆய்வு

கனடா நாட்டு ஐஸ் ஹாக்கி வீரர் சிட்னி கிராஸ்பிக்கு 2011 ஜனவரியில் தலையில் அடிபட்டது. அந்தக் கோடையில் அவர் மறுபடி பயிற்சியில் இறங்கியிருந்தார். ஓரளவு வரை ஒரு தொல்லையும் இல்லை. தன் முழு வேகத்தில் கிட்டத்தட்ட 90 சதவீதத்தைத் தொடும்போது மட்டும் தலைவலி வந்தது. செப்டம்பர் 7 அன்று பிட்ஸ்பர்க்கில் செய்தியாளர்களைச் சந்தித்தபோது இதை அவரே சொன்னார்.

கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சியிலிருந்து மீள்கிறவர்கள் "எப்போது ஜிம்முக்குப் போகலாம்?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த 90 சதவீதம்தான் நினைவுக்கு வரும். மீண்டு வரும் காலத்தில் தலைவலி நாள் கணக்குப் பார்த்து வருவதில்லை, பெரும்பாலும் உழைப்பின் அளவு பார்த்து வருகிறது. அந்த அளவைக் கண்டுபிடிக்க முடியும். அதற்குக் கீழே நின்று பயிற்சி செய்யலாம், வாரம் போகப் போக எல்லை மேலே ஏறுகிறதா என்றும் பார்க்கலாம். 2011-ல் இப்படி யோசித்தவர்கள் குறைவு. அறிகுறி இருந்தால் ஓய்வு, போய்விட்டால் பயிற்சி என்பதுதான் அன்றைய வழக்கம்.

என்ன நடந்தது

கிராஸ்பிக்கு அப்போது வயது 23. பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அணியின் கேப்டன். முந்தைய ஆண்டு வான்கூவர் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் கூடுதல் நேரத்தில் கோல் அடித்து, அமெரிக்காவை வீழ்த்தித் தங்கம் வாங்கித் தந்தவர். 2010-11 பருவத்தில் முதல் 41 ஆட்டங்களிலேயே 32 கோல், 34 அசிஸ்ட் (சக வீரர் கோல் அடிக்க உதவியது) என 66 புள்ளிகளோடு, வட அமெரிக்காவின் என்.ஹெச்.எல். லீக்கில் முன்னணியில் இருந்தார்.

ஜனவரி 1 அன்று ஹெயின்ஸ் ஃபீல்டு திறந்தவெளி மைதானத்தில் வாஷிங்டன் கேபிடல்ஸுடன் ஆட்டம். இரண்டாம் பகுதி முடியும் நேரத்தில் டேவிட் ஸ்டெக்கல் அவர் தலையில் மோதிவிட்டார். கிராஸ்பி விழுந்தார், எழுந்தார், மூன்றாம் பகுதிக்கு மறுபடி ஆட வந்துவிட்டார். ஜனவரி 5 அன்று டாம்பா பே லைட்னிங் அணியின் விக்டர் ஹெட்மன் பின்னாலிருந்து தள்ளியதில் ஆடுகளத் தடுப்பின் கண்ணாடியில் போய் மோதினார். அதற்கு அடுத்த நாள்தான் கன்கஷன் என்று உறுதியானது.

இரண்டு மோதலுக்கும் நடுவே நான்கே நாள். முதல் அடியிலேயே கன்கஷன் ஆகியிருந்தால், இரண்டாவது அடி இன்னும் ஆறாத மூளையில் விழுந்திருக்கிறது என்று பொருள். அறிகுறிகள் தாமதமாக வரும் என்பதற்கு நமக்குப் பழக்கமான கிரிக்கெட்டிலேயே சாட்சி உண்டு. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்டில் ஜோஃப்ரா ஆர்ச்சரின் பவுன்சர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தைத் தாக்கியது. பரிசோதனையில் தேறி மறுபடி பேட் பிடித்து 92 ரன்னில் ஆட்டமிழந்தார். மறுநாள் காலையில் தலைவலியும் மந்தமுமாக எழுந்தார். அவருக்குப் பதிலாக லபுஷேன் இறங்கினார். ஆகவே அடிபட்ட அன்றைக்கு, "நல்லாத்தான் இருக்கேன்" என்று அடிபட்டவர் சொன்னாலும் சரி, எந்த ஆட்டமும் எந்தப் பயிற்சியும் கிடையாது. இதில் பேரம் பேச இடமில்லை.

மூன்று முறை திரும்பினார்

மார்ச் நடுவில் கிராஸ்பி தனியாகப் பனித்தளத்தில் சறுக்கத் தொடங்கினார். மாதம் முடியும்போது, மோதல் இல்லாத பயிற்சிக்கு மருத்துவர்கள் அனுமதித்தார்கள். கோப்பையைத் தீர்மானிக்கும் பிளே ஆஃப் ஆட்டங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன, ஊரே எதிர்பார்த்தது. ஏப்ரல் பிற்பாதியில் அறிகுறிகள் திரும்பின, பயிற்சி நின்றது. அணியும் டாம்பா பேயிடம் 7 ஆட்டத் தொடரில் தோற்று வெளியேறியது.

இரண்டாவது முயற்சி கோடையில். அங்கேதான் அந்த 90 சதவீதம் வந்தது. செப்டம்பர் சந்திப்பில் அவர் அருகே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் மைக்கேல் காலின்ஸ், இன்னொருவர் டெட் காரிக். கிராஸ்பிக்கு முக்கியமாகப் பாதிக்கப்பட்டது உட்காதோடு சேர்ந்த சமநிலை மண்டலம் என்று காலின்ஸ் விளக்கினார். தலை திரும்பும்போதும் உடல் நகரும்போதும் நாம் எங்கே இருக்கிறோம் என்று மூளைக்குச் சொல்வது அந்த மண்டலம்தான். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சரிசெய்யும் கைரோபிராக்டிக் துறையிலிருந்து வந்த காரிக்கோ உடலையே சுழற்றும் ஒரு இயந்திரத்தைச் சிகிச்சையில் பயன்படுத்தினார். அந்தச் சுழல் இயந்திரத்துக்குக் கட்டுப்பாட்டுக் குழுவோடு செய்த வலுவான ஆய்வு எதுவும் அன்று கிடையாது. கிராஸ்பி குணமானதை அதற்கான ஆதாரமாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. நட்சத்திர நோயாளிக்குப் பலன் கிடைத்தது என்றால் செய்தி பரவும், அவ்வளவுதான்.

அதன் பிறகு நடந்தது நிதானமாக நடந்தது. செப்டம்பரில் மோதல் இல்லாத பயிற்சி முகாம், அக்டோபர் நடுவில் மோதலோடு கூடிய பயிற்சிக்கு அனுமதி, ஒரு மாதத்துக்கும் மேல் அப்படியே பழகிவிட்டு நவம்பர் 21 அன்று நியூயார்க் ஐலண்டர்ஸுக்கு எதிராக ஆட்டம். 2 கோல், 2 அசிஸ்ட். 8 ஆட்டங்களில் 12 புள்ளிகள் எடுத்தார். டிசம்பர் 5 அன்று பாஸ்டன் அணியுடன் ஆடியபோது ஒரு மோதல், அதைத் தொடர்ந்து மீண்டும் தலைவலி, மீண்டும் வெளியே. மூன்றாவது முறையாகத் திரும்பியது 2012 மார்ச் 15, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில். அதன் பிறகு அந்தப் பருவத்தின் மீதி 14 ஆட்டங்களில் 25 புள்ளிகள்.

உழைத்தால் ஏன் வலிக்கிறது?

கன்கஷன் சாதாரண சி.டி. ஸ்கேனில் தெரியாது. ஸ்கேன் எடுப்பது ரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இல்லை என்று உறுதிப்படுத்தத்தான். கெட்டுப்போனது கட்டமைப்பை விட இயக்கம். அடிபட்டதும் மூளைச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே நுழைகிறது. இதைச் சரிக்கட்ட செல்கள் வழக்கத்தைவிட அதிக குளுக்கோஸை எரிக்கின்றன. அதே சமயம் மூளைக்கான ரத்த ஓட்டம் குறைகிறது. தேவை கூடி, வரத்து குறைகிற நிலை. லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கிஸாவும் ஹோவ்டாவும் 2001-ல் இதைத் தொகுத்து எழுதினார்கள். ஓய்வெடுக்கச் சொன்னதற்கு இது ஒரு வலுவான காரணமாக நின்றது.

ஆனால் இந்த நெருக்கடி பெரும்பாலோருக்கு நாட்களிலோ சில வாரங்களிலோ தணிந்துவிடுகிறது. அப்புறமும் ஓடினால் வலிக்கிறதே, அது ஏன்? ஒரு விளக்கம், இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் நம்மைக் கேட்காமலே நடத்தும் தன்னியக்க நரம்பு மண்டலம் தாறுமாறாகிவிடுகிறது என்பது. வேகம் கூடும்போது மூச்சு அதற்கேற்ப ஏறாவிட்டால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும். கரியமில வாயு கூடினால் மூளையின் ரத்தக் குழாய்கள் விரியும், தேவைக்கு மேல் ரத்தம் பாயும், தலை தெறிக்கும். இது அடிக்கடி நிகழும் பயத்தில் ஆள் படுக்கையிலேயே கிடந்தால் இன்னொரு கோளாறு சேர்ந்துகொள்கிறது: உடல் தகுதி இறங்குகிறது, தூக்கம் கெடுகிறது, மனம் சோர்கிறது. சோர்வும் தூக்கமின்மையும் தலைவலியும் கன்கஷனின் அறிகுறிகளும்தான். எது அடியால் வந்தது, எது படுக்கையால் வந்தது என்று பிரிக்கவே முடியாமல் போகும்.

2015-ல் வெளியான ஒரு ஆய்வில், அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 11 முதல் 22 வயதுக்காரர்களில் ஒரு பாதிக்கு 5 நாள் கண்டிப்பான ஓய்வும், மறுபாதிக்கு வழக்கமான 1, 2 நாள் ஓய்வும் சொன்னார்கள். 5 நாள் படுத்தவர்கள்தான் அதிக அறிகுறிகளைச் சொன்னார்கள்.

டிரெட்மில்லில் எல்லையைத் தேடுவது

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜான் லெட்டியும் பாரி வில்லரும் கிராஸ்பிக்கு அடிபடும் முன்பே இந்த எல்லையை அளக்கும் முறையை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். பஃபலோ டிரெட்மில் சோதனை என்று இன்று உலகம் முழுக்கப் பெயர் பெற்றது அதுதான்.

சோதனை பார்க்க மிகச் சாதாரணமாக இருக்கும். மார்பில் இதயத்துடிப்புப் பட்டை கட்டி, டிரெட்மில்லில் ஏற்றிவிடுவார்கள். வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர் சொச்சம், அதாவது விறுவிறு நடை. முதல் நிமிடம் தளம் சமமாக இருக்கும். பிறகு ஒவ்வொரு நிமிடமும் ஏற்றத்தை 1 சதவீதம் கூட்டுவார்கள்; 15 சதவீதம் வரை ஏறியதும் வேகத்தைக் கூட்டுவார்கள். ஒவ்வொரு நிமிடமும் மூன்று விஷயம் குறிக்கப்படும்: இதயத்துடிப்பு, எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்ற மதிப்பு, 10-க்கு எத்தனை என்று அறிகுறியின் அளவு. ஏறும் முன் 2 என்று சொன்னவர் நடுவில் 5 என்றால் நிறுத்திவிடுவார்கள். அந்தக் கணத்தின் இதயத்துடிப்புதான் எல்லை. எதுவும் கூடாமல் களைத்துப் போய் நின்றாரானால், துடிப்பு ஏறுவதால் வரும் பிரச்சினை அவருக்கு இல்லை. தலைவலிக்கு வேறு காரணம் தேட வேண்டும். எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்தது இந்த இரண்டாவது பதில்தான். "இல்லை" என்ற பதிலும் சிகிச்சையைத் திசை திருப்புகிறது.

எல்லை நிமிடத்துக்கு 150 துடிப்பு என்று வந்தால், அதில் 80 முதல் 90 சதவீதம், அதாவது 120-க்கும் 135-க்கும் நடுவே வைத்து தினமும் 20 நிமிடம் நடக்கவோ நிலைசைக்கிள் மிதிக்கவோ சொல்வார்கள். அறிகுறி 2 புள்ளி கூடினால் அன்றைக்கு அத்தோடு சரி. ஒரு வாரம் போல கழித்து மறுபடி சோதனை, புதிய எல்லை, புதிய அளவு. இதயத்துடிப்பைக் குறைக்கும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அவர்களுக்குச் சிரம மதிப்பை வைத்துத்தான் போக வேண்டும்.

பலன் இருக்கிறதா? 2019-ல் லெட்டி குழு வெளியிட்ட ஆய்வில் விளையாட்டில் அடிபட்ட 103 பதின்வயதினர் கலந்துகொண்டார்கள். எல்லைக்குக் கீழே ஏரோபிக் பயிற்சி செய்தவர்கள் நடுமதிப்பாக 13 நாளில் மீண்டார்கள். வெறும் ஸ்ட்ரெச்சிங் செய்தவர்களுக்கு 17 நாள். 2021-ல் 118 பேரை வைத்து மறுபடி செய்தபோது 14 நாளும் 19 நாளும் வந்தது. நான்கைந்து நாள் லாபம் சின்னதாகத் தெரியலாம். அதைவிட முக்கியம், நான்கு வாரத்துக்கு மேலும் அறிகுறி இழுத்துக்கொண்டு போகும் ஆபத்து பயிற்சி செய்தவர்களுக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இவை பதின்வயது விளையாட்டு வீரர்களின் எண்கள். 50 வயதில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவருக்கு வழிமுறை பொருந்தும், நாள் கணக்கு அப்படியே பொருந்தாது.

இன்றைய படிகள்

கிராஸ்பி காலத்தில் நடைமுறையில் இருந்தது, விளையாட்டில் வரும் கன்கஷன் பற்றிப் பன்னாட்டு நிபுணர்கள் கூடிய 2008 சூரிக் மாநாட்டின் வழிகாட்டல்: அறிகுறி முழுக்கப் போகும் வரை உடலுக்கும் மனதுக்கும் ஓய்வு, அப்புறம் படிப்படியாக. 2022 ஆம்ஸ்டர்டாம் மாநாட்டில் இது வெகுவாக மாறியது. இப்போது முதல் 24 முதல் 48 மணி நேரம் வரை மட்டும் மிதமான ஓய்வு. வீட்டுக்குள் நடமாடலாம், லேசாக நடக்கலாம், செல்போன், டி.வி. நேரத்தைக் குறைக்க வேண்டும். இருட்டறையில் அடைத்து வைக்கும் வேலை வேண்டாம்.

அதன் பிறகு லேசான ஏரோபிக் பயிற்சி, அறிகுறி கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் கூட. அதிகபட்ச இதயத்துடிப்பில் சுமார் 55 சதவீதம் வரை முதலில், பிறகு 70 சதவீதம் வரை. டிரெட்மில் சோதனை வசதி எல்லா ஊரிலும் கிடைக்காது என்பதால் இந்தத் தோராயக் கணக்கு உதவும். 220-லிருந்து வயதைக் கழித்தால் 30 வயதுக்காரருக்கு 190 வரும். 55 சதவீதம் சுமார் 105, 70 சதவீதம் 133. பயிற்சியால் அறிகுறி 10-க்கு 2 புள்ளிக்கு மேல் கூடாமல், ஒரு மணி நேரத்துக்குள் தணிந்துவிட்டால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் நிறுத்திவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். பயிற்சிக்கு முன் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு போவது இந்த அளவுகோலையே உடைத்துவிடும்.

மூன்றாவது படியில் தனியாக, அந்தந்த விளையாட்டுக்கான ஓட்டமும் திசைத் திருப்பங்களும். நான்காவது, மோதல் இல்லாத குழுப் பயிற்சி. ஐந்தாவது, மோதலோடு முழுப் பயிற்சி. ஆறாவது, ஆட்டம். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 24 மணி நேரம். நான்காம் படியில் கால் வைக்கும் முன் அறிகுறிகள் முழுக்கப் போயிருக்க வேண்டும். கடுமையாக உழைத்தபோதும் உழைத்த பின்னும் வரக் கூடாது. கோடையில் கிராஸ்பிக்கு உதைத்தது இந்த இடம்தான். உட்கார்ந்திருக்கும்போது தலைவலி இல்லை என்பது போதாது, 90 சதவீதத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி. அவர் அங்கேயே நின்று, அது தீரும் வரை மேலே ஏறவில்லை. நவம்பர் திரும்பல் நிலைத்திருக்கும் என்று எல்லோரும் நம்பியதற்குக் காரணம் அந்தப் பொறுமை.

துடிப்பு மட்டும் போதாது

அப்படியானால் டிசம்பரில் ஏன் விழுந்தார்? 2012 ஜனவரி இறுதியில் ஒரு புதுத் தகவல் வந்தது. கழுத்தில் மென்திசுக் காயம் இருப்பதாக மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். பழைய எலும்பு முறிவு இருக்கலாம் என்று முதலில் செய்தி பரவியது. முதுகுத்தண்டு நிபுணர் பார்த்துவிட்டு முறிவு இல்லை என்றார். ஆனால் மேல் கழுத்துக் காயம், கன்கஷன் போலவே தலைவலியும் தலைச்சுற்றலும் தரக்கூடியது.

தலை பலமாகக் குலுங்கினால் அதைத் தாங்கும் கழுத்தும் குலுங்கியிருக்கும். உட்காது, கண், கழுத்துத் தசை மூன்றும் சேர்ந்துதான் சமநிலையைத் தருகின்றன. நிலைசைக்கிளில் 140 துடிப்பிலும் சிரமமில்லாத ஒருவருக்குப் பந்தைத் தொடர்ந்து கண்ணை வெடுக்கென்று திருப்பும்போது தலைசுற்றினால், குறை இதயத்துடிப்பில் இல்லை. அவருக்குத் தேவை சமநிலைப் பயிற்சியும் கழுத்துச் சிகிச்சையும் தெரிந்த பிசியோதெரபிஸ்ட். ஒரு எழுத்தைச் சுவரில் ஒட்டி, கண்ணை அதிலிருந்து எடுக்காமல் தலையை மட்டும் இடம் வலமாகத் திருப்பும் எளிய பயிற்சியிலிருந்து அது ஆரம்பிக்கும். பத்து நாளைக்கு மேல் தலைச்சுற்றலோ கழுத்து வலியோ நீடித்தால் இந்த வழியையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

எதைச் செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நான் வைக்கும் வரிசையும் இதிலிருந்தே வருகிறது. தலை அசையாமல், விழ வாய்ப்பில்லாமல் துடிப்பை மட்டும் ஏற்றுவது முதலில்: நிலைசைக்கிள், சமதளத்தில் நடை. தெருவில் நடப்பதானால் போக்குவரத்து இல்லாத இடம், வெயில் ஏறும் முன். வெயிலில் அதே நடைக்கு இதயத்துடிப்பு கூடுதலாக எகிறும், தண்ணீர் வற்றினாலும் தலை வலிக்கும், எதனால் வலித்தது என்று தெரியாமல் போகும். மூச்சைப் பிடித்து எடை தூக்குவது தலைக்குள் அழுத்தத்தை ஏற்றும், அது பிறகு. யோகா மென்மையானது என்ற நினைப்பில் மூன்றாம் நாளே சூரிய நமஸ்காரம் போடுகிறார்கள். தலை கீழும் மேலுமாகப் போய் வரும் அந்த அசைவு சமநிலை மண்டலத்துக்குக் கடினமான வேலை. சிரசாசனத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஷட்டில் பார்க்க லேசான ஆட்டம், ஆனால் மேலே பார், சட்டென்று திரும்பு, பாய் என்று மூன்றும் சேர்ந்தது. பைக் ஓட்டுவதும் இந்த வரிசையில் கடைசிப் பக்கம்தான்.

வாந்தி விடாமல் வந்தாலோ, தலைவலி மணிக்கு மணி கூடினாலோ, வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம், குழறல், எழுப்ப முடியாத தூக்கம் இருந்தாலோ உடற்பயிற்சிப் பேச்சே கிடையாது. உடனே அவசரச் சிகிச்சை.

கடைசிப் படி

கிராஸ்பிக்கு மீண்டும் கன்கஷன் வந்தது. 2016 அக்டோபரில் பயிற்சியின்போது. பருவத்தின் முதல் 6 ஆட்டங்களை விட்டுவிட்டுத் திரும்பி, அந்தப் பருவத்தில் 44 கோல் அடித்து லீக்கில் முதலாவதாக வந்தார். அடுத்தது 2017 மே 1, வாஷிங்டனுடனான பிளே ஆஃப் தொடரின் மூன்றாவது ஆட்டம். மே 3 ஆட்டத்தை மட்டும் தவறவிட்டு, மே 6 அன்று களத்தில் இருந்தார்.

மருத்துவர்கள் பார்த்து அனுமதித்திருந்தார்கள். லேசான கன்கஷன் சிலருக்கு விரைவாகத் தணியும் என்பதும் உண்மை. ஆனாலும் அப்போது நடைமுறையில் இருந்த பன்னாட்டு வழிகாட்டலின் படிகளை 24 மணி நேரம் வீதம் ஏறினாலே குறைந்தது ஒரு வாரம் ஆகும். பழைய கன்கஷன் வரலாறு உள்ளவர்களுக்கு அதைவிட நிதானமாகப் போகச் சொல்வதுதான் வழக்கம். 2011-ல் ஒரு மாதத்துக்கு மேல் மோதல் பயிற்சியிலேயே வைத்திருந்த அதே ஆளை, பிளே ஆஃப் நடுவில் ஐந்தே நாளில் இறக்கியது எனக்கு உறுத்துகிறது. மே 8 அன்று ஆறாவது ஆட்டத்தில் அவர் தலை முன்னே போகத் தடுப்பில் மோதி விழுந்தார். ஆட்டத்திலிருந்து வெளியே அழைத்துப் பரிசோதிக்காமலேயே தொடர்ந்து ஆடினார்.